கோசுமெல்: நீரோட்டத்தோடு ஐந்து நாட்கள்

முதல் நாள்

பிளாயா தெல் கார்மென் படகுத்துறையில் பிற்பகல் படகுக்காகக் காத்திருந்தபோது, "ஏற்கெனவே பார்த்த ஊருக்கு ஏன்டா மறுபடியும் போறோம்?" என்று அக்கா கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கோசுமெல் தீவைப் பார்த்தேன் என்று சொல்வது அவ்வளவு சரியில்லை. உல்லாசக் கப்பல் ஒன்றில் வந்து, காலை எட்டு மணிக்கு இறங்கி, மாலை நான்கு மணிக்குள் திரும்ப ஏறிக்கொண்டேன். இடையில் ஒரு மணி நேரம் ஸ்நோர்க்கல் குழாயைக் கடித்தபடி நீர்மேல் கவிழ்ந்து மிதந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் கீழே கண்ட காட்சி மனத்தை விட்டுப் போகாததால்தான், ஊர் திரும்பியபின் காற்றுக்கலனைச் சுமந்து நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா முக்குளிப்புக் கற்று, 18 மீட்டர் ஆழம்வரை இறங்குவதற்கான அடிப்படைச் சான்றிதழையும் பெற்றேன். இம்முறை ஐந்து நாட்கள் தங்குகிறோம். அக்கா முக்குளிப்பவர் அல்லர். அவருக்கு ஸ்நோர்க்கலே போதும்.

மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலக் கரைக்கும் தீவுக்கும் நடுவே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் அகலமுள்ள நீரிணை இருக்கிறது. படகு அதைக் கடக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நடுப்பகுதியில் ஆழம் 400 மீட்டர் அளவுக்குப் போகிறது. கரிபியக் கடலின் நீர் இந்த நீரிணை வழியாகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடி, யுகடான் நீரோட்டத்தோடு மெக்சிகோ வளைகுடாவுக்குள் புகுந்து, பின்னர் அட்லாண்டிக்கின் வளைகுடா நீரோட்டமாகிறது. தீவின் மேற்குக் கரையோரமாக வளர்ந்திருக்கும் பவளத்திட்டுகளுக்கு உணவைக் கொண்டுவருவது இந்த ஓட்டம். நீர் தெளிவாக இருப்பதற்கும், இங்கே முக்குளிப்பவர் நீந்தாமல் மிதந்து செல்வதற்கும் இதுவே காரணம். கோசுமெல்லைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தீவைவிட முதலில் இந்த நீரைத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சான் மிகேல் என்பதுதான் தீவின் ஒரே நகரம். அதன் கரையில் மூன்று கப்பல் துறைகள் உள்ளன: நகர நடுவிலேயே அமைந்த புந்தா லாங்கோஸ்தா, சற்றுத் தெற்கே சர்வதேசத் துறை, அதற்கும் தெற்கே புவெர்தா மாயா. நாங்கள் இறங்கியபோது மூன்றிலுமாக ஐந்து கப்பல்கள் நின்றன. ஒவ்வொன்றும் கடற்கரைச் சாலையின் எந்தக் கட்டடத்தையும் விட உயரமானது. எண்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் இந்தத் தீவுக்கு, கப்பல்கள் வழியாக மட்டும் ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள். அவர்களுள் ஒருவனாக வந்தவன் என்பதால் அந்தக் கூட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மாலையில் கப்பல்கள் ஒவ்வொன்றாக விலகிச் சென்றபின் ஊர் எப்படி மாறுகிறது என்பதை அவர்கள் யாரும் பார்ப்பதில்லை. மணிக்கூண்டுச் சதுக்கத்தில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டினார்கள். பாட்டிமார் பெஞ்சுகளில் அமர்ந்து பேசினார்கள். வண்டிக்கடை ஒன்றில், மொறுமொறுப்பாகச் சுட்ட மெல்லிய அடைக்குள் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டுச் சுருட்டித் தரும் மார்கெசீத்தா வாங்கினோம். இனிப்பும் உப்புமாக இருந்த அதை அக்கா இன்னொன்று வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாம் நாள்

காலை எட்டரை மணிக்குப் படகு புறப்பட்டது. ஆறு பேர் முக்குளிப்பவர்கள், ஒரு வழிகாட்டி, ஒரு படகோட்டி. அக்காவும் படகில் வந்தார். தீவின் தென்மேற்கில் உள்ள பலங்கார் திட்டுக்குச் செல்ல முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

போகும் வழியில் வழிகாட்டி விதிகளைச் சொன்னார். இப்பகுதி 1996-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 12,000 ஹெக்டேர். பூங்காவுக்குள் கையுறை அணியக்கூடாது, கத்தி கொண்டுபோகக்கூடாது, மீன்களுக்கு இரை போடக்கூடாது, எதையும் தொடக்கூடாது. வெயிலுக்குக் களிம்பு பூசிக்கொண்டு நீரில் இறங்கக்கூடாது. அதற்குப் பதில் முழுக்கைச் சட்டை அணிந்துகொள்ள வேண்டும். கையுறைத் தடைக்கான காரணம் எனக்கு முதலில் விளங்கவில்லை. கையில் உறை இருந்தால் பாறையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், வெறுங்கையாக இருந்தால் தோன்றாது என்றார். எளிய விதி, ஆனால் மனித இயல்பை நன்றாக அறிந்தவர்கள் எழுதியது.

திட்டின்மேல் நங்கூரம் போடக்கூடாது என்பதால் படகு நிற்பதில்லை. ஓடுகிற நீரில் படகும் மெல்ல ஓட, ஒருவர் பின் ஒருவராகக் குதித்தோம். மிதவைச் சட்டையின் காற்றை வெளியேற்றியதும் உடல் கீழே இறங்கத் தொடங்கியது. ஏழு மீட்டர் ஆழத்தில் இடது காது வலித்தது. வழிகாட்டிக்குக் கையால் காதைக் காட்டிவிட்டு, ஒரு மீட்டர் மேலேறி, மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காது திறந்தபின் மறுபடியும் இறங்கினேன். அந்த ஒரு நிமிடம் முழுவதும் அவர் என் முகத்தைப் பார்த்தபடியே உடன் மிதந்தார். இத்தொழிலில் நல்லவர் யார் என்று கண்டுகொள்ள வேறு சோதனை தேவையில்லை.

பின்பு நீரோட்டம் எங்களை எடுத்துக்கொண்டது.

இதை எழுத்தில் சொல்வது கடினம். நீச்சல்குளத்தில் கற்றபோது, துடுப்புக்கால்களை எப்படி அசைப்பது என்பதைத்தான் பெரிதும் பயின்றோம். இங்கே துடுப்புக்கால்களுக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மூச்சை ஆழமாக இழுத்தால் சற்று மேலே எழுகிறோம். விட்டால் சற்றுத் தாழ்கிறோம். அந்த மூச்சு ஒன்றினாலேயே பாறை முகடுகளைத் தாண்டியும், வளைவுகளுக்குள் நுழைந்தும் போக முடிகிறது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் வயல்களைப் பார்ப்பதுபோல் பவளத்திட்டு நம்மைக் கடந்து போகிறது. பிடித்த ஒன்றைக் கண்டு நிற்க விரும்பினால், ஏதேனும் ஒரு பாறைத்தூணின் மறைவில், ஓட்டம் தணிந்திருக்கும் பக்கத்தில் ஒதுங்க வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் மிஞ்சுவது வீணான மூச்சிரைப்பு மட்டுமே.

பலங்கார் சமதளமான பாறை அன்று. மணல்வெளியிலிருந்து கோபுரங்கள்போல் எழும் பவளத்தூண்கள், அவற்றின் இடையே சந்துகள், வளைவுகள், சில இடங்களில் மேலே திறந்த குகைகள். தூண்களின் ஓரங்களில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய குடக் கடற்பஞ்சுகளும், யானைக்காதுபோல் விரிந்த ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சுகளும் வளர்ந்திருந்தன. கடற்பஞ்சு தன் உடல்வழியே நீரைச் செலுத்தி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. ஆகவே ஓடும் நீர் அதற்கு ஓயாத பந்தி. ஓரிடத்தில் அழுங்காமை ஒன்று முன்காலால் பாறையை ஊன்றி, கடற்பஞ்சைக் கடித்து இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஆறு பேரின் குமிழிச் சத்தமும் அதன் உணவைக் கெடுக்கவில்லை. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஒலி தெளிவாகக் கேட்டது. கரிபியக் கடற்கரைகளின் வெண்மணலில் கணிசமான பகுதி, இம்மீன்கள் பவளச் சுண்ணாம்பைக் கொறித்து அரைத்து வெளியேற்றியதுதான்.

வருத்தமான காட்சிகளும் இருந்தன. மூளைப் பவளங்கள் பல உயிரற்ற சாம்பல் உருண்டைகளாகப் பாசி படிந்து கிடந்தன. பவளத் திசுவை உரித்துக் கொல்லும் கொடிய நோய் ஒன்று 2018-இல் மெக்சிகோவின் கரிபியக் கரையைத் தொட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் இத்தீவையும் எட்டியது. புளோரிடாவில் 2014-இல் முதலில் காணப்பட்ட நோய் இது. இருபதுக்கு மேற்பட்ட பவள இனங்களைத் தாக்குகிறது. பல நூறு ஆண்டுகள் வளர்ந்த ஒரு மேட்டைச் சில வாரங்களிலேயே வெறும் எலும்பாக்கிவிடும். பாதிப்பு முற்றியதால் 2019 அக்டோபரில் பலங்கார் உள்ளிட்ட தெற்குத் திட்டுகளைப் பூங்கா நிர்வாகம் சில வாரங்களுக்கு மூடி வைத்தது. சுற்றுலாவையே நம்பி வாழும் ஒரு தீவு அந்த முடிவை எடுத்ததை நான் மதிக்கிறேன். 2023-இன் கடும் கடல்வெப்பத்தில் எஞ்சியவற்றுள்ளும் பல வெளுத்துப்போயின.

வழிகாட்டி கையில் சிறிய ஈட்டி வைத்திருந்தார். அது சிங்கமீனுக்கு. வரிவரியான செதில்களும் நஞ்சுமுட்களும் கொண்ட அம்மீன், இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் சேர்ந்தது. நம் மன்னார் வளைகுடாப் பவளத்திட்டுகளிலும் அதன் இனத்தவை உண்டு. அங்கே அது இயல்பான குடி. இங்கோ மனிதரால் அட்லாண்டிக்கில் நுழைந்து, 2009-இல் இத்தீவை வந்தடைந்து, தன்னை எதிரியென்று அறியாத சிறுமீன்களையெல்லாம் விழுங்குகிறது. நம் கடலுயிர் ஒன்று இங்கே அழிவாக நிற்பதைக் காண மனம் ஒப்பவில்லை.

ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற இடம் கொடுத்து மேலே வந்தோம். வழிகாட்டி ஏற்றிவிட்ட செந்நிற மிதவையைப் பார்த்துப் படகு எங்களைத் தேடி வந்தது. இறங்கிய இடத்திலிருந்து வெகுதூரம் வடக்கே வந்திருந்தோம்.

மூன்றாம் நாள்

இரவே காற்று திரும்பிவிட்டது. பிப்ரவரியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இறங்கும் குளிர்காற்றை இங்கே நோர்தே என்கிறார்கள், நம் வாடைதான். வாடை வீசும் நாளில் துறைமுக அதிகாரி சிறுபடகுகள் கடலுக்குப் போகத் தடை விதிப்பார். எங்கள் படகும் போகவில்லை.

வாடகை வண்டியில் தீவின் உட்பகுதியிலுள்ள சான் ஹெர்வாசியோ சென்றோம். குட்டையான அடர்காட்டின் நடுவே, சுண்ணாம்புக்கல்லில் கட்டிய மாயர்களின் கோயில்களும் மேடைகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைப்பது சாக்பே எனப்படும் வெண்கல் பாதை. அளவில் பெரியவை அல்ல. பெரிய பிரமிடுகளை எதிர்பார்த்து வருபவர் ஏமாறக்கூடும். ஆனால் கோசுமெல் மாயர் உலகின் பெரும் யாத்திரைத் தலங்களுள் ஒன்று. நிலா, மகப்பேறு, மருத்துவம், நெசவு ஆகியவற்றுக்குரிய தெய்வமான இஷ்செல்லை வழிபட யுகடான் தீபகற்பம் முழுவதிலுமிருந்து, குறிப்பாகப் பெண்கள், இங்கே வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் ஒருவர், இத்தீவின் யாத்திரையை ஜெருசலேமுக்கும் ரோமுக்கும் செல்வதோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்.

அக்கா அங்கிருந்த வளைவு வாயில் ஒன்றின் அடியில் வெகுநேரம் நின்றார். யாத்திரிகர்கள் காணிக்கை வைத்த இடம் அது என்று சொல்கிறார்கள். "நேத்து நாம மோட்டார் படகுல போனோம். அவங்க இதே தண்ணிய ஒத்தை மரத்தோணியில துடுப்புப் போட்டுக் கடந்திருக்காங்க, வயித்துல பிள்ளையோட சில பேர்" என்றார். நான் அதை அப்படி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வடக்கே இழுக்கும் ஓட்டத்தில் நேராகத் தீவை அடைய வேண்டுமானால், எதிர்க்கரையில் எவ்வளவு தெற்கே தள்ளிப் புறப்பட வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிறிய கட்டடம் ஒன்றின் சுவரில் சிவப்புக் கைப்பதிவுகள் மங்கலாகத் தெரிந்தன. அதற்குச் சிறுகைகள் என்றே பெயர்.

1519-இல் ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ் மெக்சிகோ படையெடுப்பின் தொடக்கத்தில் இத்தீவில்தான் இறங்கினான். 1511-இல் கப்பல் உடைந்து மாயர்களிடையே எட்டாண்டு வாழ்ந்த ஹெரோனிமோ தெ அகிலார், தோணியில் இந்த நீரிணையைக் கடந்து வந்து அவனுக்கு மொழிபெயர்ப்பாளரானார். மறு ஆண்டே ஸ்பானியரோடு பெரியம்மை வந்தது. கடல்வழியாக வந்த நோய், யாத்திரைக்குப் பேர்போன தீவை ஏறத்தாழ ஆளற்றதாக்கிவிட்டது. இன்றைய சான் மிகேல் நகரை உருவாக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், யுகடான் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்தவர்கள். நேற்றுப் பார்த்த சாம்பல் உருண்டைகள் நினைவுக்கு வந்தன.

இரவு உணவு: சிவந்த அச்சோத்தே விதை அரைத்துப் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கலந்து பூசி, வாழையிலையில் பொதிந்து சுட்ட மீன். தீக்கின்ஷிக் என்று பெயர். வாழையிலை மணம் அக்காவை ஊருக்கே அழைத்துச் சென்றுவிட்டது.

நான்காம் நாள்

காற்று தணிந்தது. இன்று பகல் அக்காவுக்கு உரியது. கொலம்பியா ஆழமற்ற திட்டில் இருவரும் ஸ்நோர்க்கல் செய்தோம். ஐந்தாறு மீட்டர் ஆழமே உள்ளதால் வெயில் அடிவரை இறங்கி, நிறங்கள் மங்காமல் தெரிகின்றன. முக்குளிப்பவர் 18 மீட்டரில் காணும் சிவப்பு பழுப்பாகிவிடும், அக்கா கண்டதோ உண்மைச் சிவப்பு. கடல் விசிறிகளின் நடுவே கழுகுத் திருக்கை ஒன்று, கறுத்த முதுகில் வெண்புள்ளிகளோடு, சிறகடிப்பதுபோல் கடந்து போனது. அக்கா நீருக்குள்ளேயே ஏதோ சொன்னார். குழாய்வழியாக ஓசை மட்டும் வந்தது.

அடுத்துப் படகு எல் சியேலோ சென்றது. வானம் என்று பொருள். இடுப்பளவு நீர், வெண்மணல், மணலில் செந்நட்சத்திர மீன்கள். அழகான இடத்துக்குக் கூட்டமும் அதிகம். இருபதுக்கு மேற்பட்ட படகுகளை எண்ணினேன். ஓர் இளைஞர் நட்சத்திர மீனைப் படத்துக்காக வெளியே தூக்கினார். எங்கள் படகோட்டி உரக்கக் கத்தி அதை விடச் செய்தார். நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தோலின் நுண்ணிய நீட்சிகளால் சுவாசிக்கும் உயிர் அது. காற்றில் தூக்கிப் பிடிப்பது நம் தலையை நீருக்குள் அமிழ்த்துவதற்குச் சமம். படம் எடுப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். யாரும் அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. படகில் ஏறும் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரவில் பராயிசோ திட்டில் முக்குளித்தேன். நகருக்கு அருகில், பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், கைவிளக்கின் ஒளியளவே உலகம். பேய்க்கணவாய் ஒன்று பாறைமேல் வழிந்து செல்லும்போதே நீலத்திலிருந்து பழுப்பாக நிறம் மாறியது. சிங்கி இறால்கள் பொந்துகளை விட்டு வெளியே நடந்தன. வழிகாட்டி விளக்கைத் தாழ்த்தி, காதைத் தொட்டுக் காட்டினார். பாறையின் அடியிலிருந்து தாழ்ந்த உறுமல் ஒன்று வந்தது. நிறுத்தி, மீண்டும் வந்தது. குனிந்து பார்த்தேன். தட்டையான தலை, முகமெங்கும் வெண்மையும் கருமையுமாக வளைந்த வரிகள், தாடியாகத் தொங்கும் இழைகள், துடுப்புகளின் ஓரம் பளிச்சென்ற மஞ்சள். கோசுமெல்லின் தேரைமீன். நீண்டகாலம் இத்தீவின் கரையில் மட்டுமே உள்ளதாகக் கருதப்பட்டது. அருகிவரும் இனங்களுள் சேர்க்கப்பட்டிருக்கிறது. காற்றுப்பையைச் சுற்றிய தசைகளை அதிரச் செய்து இவ்வொலியை எழுப்புகிறது. ஓடும் நீரில், நாங்கள் எல்லாரும் அடித்துச் செல்லப்படும் இடத்தில், அது தன் பொந்தில் அசையாமல் இருந்து பேசிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள்

நாளை விமானம். ஆழத்திலிருந்து வந்த உடல் உயரே பறக்குமுன் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும் என்பதால் இன்று முக்குளிப்பு இல்லை.

கிழக்குக் கரையைச் சுற்றி வந்தோம். அங்கே திறந்த கரிபியக் கடல் பாறைமேல் மோதுகிறது, கடைகள் அரிது. பேராமைகளும் பெருந்தலை ஆமைகளும் கோடையில் இம்மணலில்தான் முட்டையிடுகின்றன. இப்போது மணல் வெறுமையாக இருந்தது.

பிற்பகலில் நகருக்குத் தெற்கே, வில்லா பிளாங்கா திட்டில் கரையிலிருந்தே ஸ்நோர்க்கல் செய்தோம். 2005 அக்டோபரில் வில்மா புயல் இக்கரையோரத் திட்டுகளை நொறுக்கியது; கப்பல் துறைகளையும் உடைத்தது. துறைகள் மீண்டும் எழுந்தன. திட்டை மீண்டும் எழுப்ப, உள்ளூர் ஆர்வலர்கள் உடைந்த பவளத் துண்டுகளை நீருக்கடியில் நட்டு வளர்த்து வருகிறார்கள். இப்பகுதியில் நான்காவது கப்பல் துறை கட்டும் திட்டத்துக்கு 2021 டிசம்பரில் அரசு ஒப்புதல் கிடைத்தபோது, ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். ஒரு கப்பல் பயணியாக முதலில் இங்கே வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்: இருக்கும் மூன்று துறைகளே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

மூன்று மீட்டர் ஆழத்தில் அந்த நடவுகளைக் கண்டோம். உள்ளங்கை அகலமே உள்ள கடமான்கொம்புப் பவளம், ஓரங்களில் வளர்ச்சியின் வெளிர்நிறத்தோடு, பாறையைப் பற்றியிருந்தது. அதன் கிளைக்கடியில் நகத்தளவு நீலமீன் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. அருகேயுள்ள துறையில் கப்பல் ஒன்று புறப்பட ஆயத்தமாயிற்று. அதன் எந்திர அதிர்வு நீருக்குள் நெஞ்சுக்கூட்டிலேயே கேட்டது. மீன் உள்ளே பதுங்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் வெளியே வந்தது. அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓட்டம் அவரை வடக்கே தள்ளிக்கொண்டு போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.